வீட்டுக் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் சர்வர்: வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏழெட்டுப் பேர் சேர்ந்து, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட வேண்டும். ஒருவர் சத்துவாச்சாரியில், ஒருவர் குடியாத்தத்தில், இன்னொருவர் படிக்கப் போன இடத்தில் கோயம்புத்தூரில். வீட்டில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் சர்வர் போட்டால் எல்லோரும் ஒரே உலகத்தில் சேரலாம். இதற்கு மென்பொருள் இலவசம், நிறுவ ஒரு மணி நேரம் போதும். ஆனால் பலர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு பாதியில் விடுகிறார்கள். காரணம் எப்போதும் ஒன்றுதான். கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கிறார்கள், முதலில் பார்க்க வேண்டிய நெட் லைனைக் கடைசியில் பார்க்கிறார்கள்.

கீழே உள்ளது கம்ப்யூட்டரில் விளையாடும் ஜாவா பதிப்புக்கு, விண்டோஸ் 11 இருக்கும் கம்ப்யூட்டருக்கு. வரிசையை மாற்றாதீர்கள். முதல் படி முடியும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

1. உங்கள் லைனுக்குச் சொந்த முகவரி இருக்கிறதா?

உங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து நண்பர் வர வேண்டுமானால், உங்கள் லைனுக்கு இணையத்தில் தனி முகவரி இருக்க வேண்டும். இன்று பெரும்பாலான ஃபைபர் இணைப்புகளில் அது இல்லை. நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் உட்கார வைத்திருப்பார்கள். இதற்குப் பெயர் சிஜிநாட். தெருவுக்கே ஒரு தபால் பெட்டி வைத்த மாதிரி. நீங்கள் அனுப்பும் கடிதம் போகும், உங்கள் பெயர் தெரியாமல் வரும் கடிதம் எந்த வீட்டுக்கும் வராது.

சோதிக்கும் முறை: பிரவுசரில் ரூட்டரின் பக்கத்தைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (WAN IP, ரூட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று ஒரு எண் இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அது காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்ல செய்தி, நேராக 3ஆம் படிக்குப் போகலாம். வேன் ஐபி 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ சிஜிநாட்தான். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைச் சர்வர் கம்ப்யூட்டருக்குத் திருப்பும் செட்டிங்) எத்தனை முறை போட்டாலும் வேலை செய்யாது.

192.168 என்று தொடங்கினால் வேறு கதை. கம்பெனிக்காரர் வைத்த, ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டிக்குப் பின்னால் நீங்கள் தனியாக வாங்கிய ரூட்டர் ஒன்று இருக்கிறது, இரண்டுமே முகவரி மாற்றம் செய்கின்றன. ஓஎன்டியை, முகவரி மாற்றாமல் அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லிவிட்டு மறுபடி சோதியுங்கள். தெருவின் கேபிள்காரரிடம் நெட் வாங்கியிருந்தால் நேராகக் கேட்பதே விரைவு: “அண்ணா, நம்ம லைன்ல பப்ளிக் ஐபி வருதா, இல்ல சிஜிநாட்டுக்குள்ள இருக்குதா?” அவருக்குத் தெரியாவிட்டால் அவருக்கு மேலே இருக்கும் டெக்னீஷியன் எண்ணை வாங்குங்கள்.

ஒரு பொறி: டெயில்ஸ்கேல் (அடுத்த படியில் வரும் டன்னல் மென்பொருள்) ஏற்கெனவே நிறுவியிருந்தால் உங்கள் கம்ப்யூட்டரிலும் 100 என்று தொடங்கும் ஒரு முகவரி தெரியும். அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ரூட்டரின் வேன் ஐபி மட்டுமே கணக்கு.

காட்பாடிப் பக்கம் ஹாஸ்டலிலோ பேயிங் கெஸ்ட்டிலோ இருப்பவர்களுக்கு ரூட்டர் கையில் இருக்காது. உங்களுக்கு அடுத்த படியில் மூன்றாவது வழி மட்டும்தான், அதுவும் அந்த இடத்தின் விதிகள் அனுமதித்தால்.

2. சிஜிநாட் என்றால் மூன்று வழிகள்

முதல் வழி, காசு கொடுத்துப் பப்ளிக் ஸ்டேடிக் ஐபி, அதாவது மாறாத சொந்த முகவரி, வாங்குவது. இதில்தான் பணம் வீணாவது அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். அப்பா பெயரில் இருந்தால் ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் போகும். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் பெயரில் லைன் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அல்லது உங்கள் பெயரில் புது இணைப்பு எடுங்கள். கையில் வைத்திருக்க வேண்டியவை: வாடிக்கையாளர் எண், பதிவு செய்த மொபைல், கடைசி பில், இணைப்புக்காரரின் ஆதார் நகல். கடிதம் கேட்டால் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து போட்டால் போதும்.

பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள். கட்டணம் மாதத்துக்கா வருடத்துக்கா? சொல்லும் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? இப்போதுள்ள வீட்டுத் திட்டத்திலேயே கிடைக்குமா, அல்லது பிசினஸ் திட்டத்துக்கு மாறச் சொல்வார்களா? ரீசார்ஜ் ஓரிரு நாள் தள்ளிப்போனால் முகவரி கையை விட்டுப் போய்விடுமா? வாயால் சொல்லும் பதிலை மெசேஜிலும் அனுப்பச் சொல்லுங்கள்.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். வெறும் “ஸ்டேடிக் ஐபி” என்று கேட்டால், அவர்களுடைய உள் நெட்வொர்க்கிலேயே மாறாத ஒரு 10 எண்ணைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பவர்கள் உண்டு. “பப்ளிக்” என்ற சொல் கட்டாயம். ஆக்டிவேட் ஆன அன்றே 1ஆம் படியை மறுபடி செய்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அன்றே புகார் எண் வாங்குங்கள்.

இரண்டாவது வழி ஐபி வி6, அதாவது புதிய வகை இணைய முகவரி. பல ஃபைபர் இணைப்புகளிலும் மொபைல் டேட்டாவிலும் இது இலவசமாகவே வருகிறது, ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. ஆனால் நண்பரின் லைனிலும் வி6 இருக்க வேண்டும், உங்கள் ரூட்டரின் வி6 ஃபயர்வாலில் (வெளியாரைத் தடுக்கும் காவல்) வழி திறக்க இடம் இருக்க வேண்டும். கம்பெனி ரூட்டர்கள் சிலவற்றில் அந்தப் பக்கமே கிடையாது. எட்டு பேரில் இரண்டு பேருக்கு வராது என்றால் எனக்கு அது சர்வராகத் தெரியவில்லை. எல்லோரிடமும் வி6 இருப்பது உறுதியானால் மட்டும் இறங்குங்கள்.

மூன்றாவது டன்னல், அதாவது வேறொரு சேவை வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்குப் பாதை போடுவது. இதில் இரண்டு வகை. டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்றவற்றை உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு நண்பரின் கருவியிலும் நிறுவ வேண்டும். நிறுவியபின் எல்லோரும் ஒரே வீட்டு நெட்டில் இருப்பது போல ஆகிவிடும், வெளியாள் உள்ளே வரவே முடியாது. இலவசத் திட்டங்களில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, சேர்ப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேஇட் போன்றவை வேறு மாதிரி. உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் நிறுவினால் போதும், அவர்கள் கொடுக்கும் முகவரியை நண்பர்கள் விளையாட்டில் போட்டு வரலாம். ஆனால் போக்குவரத்து முழுக்க அவர்களுடைய சர்வர் வழியாகச் சுற்றி வரும். அது சிங்கப்பூரில் இருந்தால் காட்பாடிக்கும் சத்துவாச்சாரிக்கும் நடுவே உள்ள ஆட்டமும் கடல் தாண்டிப் போய்த்தான் திரும்பும். வீடு கட்டி விளையாட இது உறைக்காது. வாள் சண்டையில் உறைக்கும்.

என் தீர்ப்பு: நெருங்கிய நண்பர்கள் ஐந்தாறு பேர் மட்டும் என்றால் டெயில்ஸ்கேல். ஆட்கள் வந்து போவார்கள் என்றால் பிளேஇட்டில் தொடங்கி, ஒரு மாதம் ஆட்டம் தொடர்ந்து நடந்தால் ஸ்டேடிக் ஐபி வாங்குங்கள். டன்னல் வழி எடுத்தவர்கள் 6ஆம் படியில் விண்டோஸ் ஃபயர்வால் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தாண்டிவிடலாம்.

3. கம்ப்யூட்டர்

கிராபிக்ஸ் கார்டு சர்வருக்குத் தேவையே இல்லை. மைன்கிராஃப்ட் சர்வரின் முக்கிய வேலை பெரும்பாலும் ப்ராசசரின் ஒரே கோரில் ஓடுவதால், எட்டு மெதுவான கோரைவிட நான்கு வேகமான கோர் மேல். ஆபீஸ்களில் கழித்துவிடும் ஐ5 பெட்டிகள் இதற்கு நன்றாகவே பொருந்தும். எஸ்எஸ்டி கட்டாயம். பழைய ஹார்ட் டிஸ்கில் ஒருவர் வேகமாகப் பறந்தாலே மற்ற எல்லோருக்கும் ஆட்டம் திக்கும்.

ராம் 8 ஜிபி இருந்தால் சர்வருக்கு 4 ஜிபி ஒதுக்கலாம், மீதி விண்டோஸுக்கு வேண்டும். அதே கம்ப்யூட்டரில் நீங்களும் விளையாடப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபி. நிறையக் கொடுத்தால் வேகம் கூடும் என்று 12 ஜிபி ஒதுக்க வேண்டாம். ஆறேழு பேருக்கு அது வீண்.

கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே லேன் கேபிள்தான் போட வேண்டும், வைஃபை வேண்டாம். கேட்6 கேபிள் 20 மீட்டர் சில நூறு ரூபாயில் முடியும்.

அப்லோட் வேகம் ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், புது இடம் தேடி ஓடும்போது கொஞ்சம் கூடும். 30 எம்பிபிஎஸ் ஃபைபர் எட்டு பேருக்குத் தாராளம்.

4. ஜாவாவும் சர்வரும்

மொஜாங் தரும் அசல் சர்வரைவிட பேப்பர் சர்வர் போடுங்கள். இதுவும் இலவசம், அதே கம்ப்யூட்டரில் இன்னும் சீராக ஓடும். அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

ஜாவா பதிப்பு பொருந்த வேண்டும். மைன்கிராஃப்ட் 1.18 முதல் 1.20.4 வரை ஜாவா 17. 1.20.5 வந்ததிலிருந்து ஜாவா 21. அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கு பேப்பர் தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அது. பொருந்தாவிட்டால் சர்வர் திறந்த உடனே மூடிக்கொள்ளும். எந்த ஜாவா வேண்டும் என்று கறுப்புத் திரையிலேயே சொல்லலாம், அல்லது நீளமாகத் திட்டும் வரியின் நடுவே “கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65.0” என்றும் கடைசியில் “52.0” என்றும் இருக்கலாம். 65 என்றால் சர்வர் கேட்பது ஜாவா 21. 52 என்றால் உங்களிடம் இருப்பது ஜாவா 8. என்றோ நிறுவிய பழைய ஜாவா உட்கார்ந்திருக்கிறது, அதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

சி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் பேப்பரின் ஜார் கோப்பை வையுங்கள். டெஸ்க்டாப்பில் வேண்டாம், ஒன்டிரைவ் அதைத் தூக்கி மேகத்துக்கு அனுப்பப் பார்த்து கோப்புகளைப் பூட்டும். ராம் அளவைச் சொல்லி சர்வரைத் தொடங்கும் ஒற்றை வரியை பேப்பர் தளமே தயாரித்துத் தருகிறது. அதை நோட்பேடில் ஒட்டி, பேட் கோப்பாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது வகையை “ஆல் ஃபைல்ஸ்” என்று மாற்ற மறந்தால் அது டெக்ஸ்ட் கோப்பாகவே இருக்கும், இரட்டைச் சொடுக்கில் நோட்பேட்தான் திறக்கும்.

முதல் முறை ஓடவிட்டால் சர்வர் நின்றுவிடும். கவலைப்பட வேண்டாம், அது அப்படித்தான். ஃபோல்டரில் யூலா (உரிம ஒப்பந்தம்) என்ற கோப்பு வந்திருக்கும். அதில் ஃபால்ஸ் என்பதை ட்ரூ என்று மாற்றிச் சேமித்து மறுபடி ஓட்டுங்கள். “டன்” என்று தொடங்கும் வரி வந்தால் சர்வர் எழுந்துவிட்டது.

5. செட்டிங் கோப்பு: நான்கு வரிகள் போதும்

சர்வரை நிறுத்திவிட்டு சர்வர் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பைத் திறங்கள்.

வியூ டிஸ்டன்ஸ்: இருப்பது 10. அப்படியென்றால் ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் 21க்கு 21, அதாவது 441 சங்க் (உலகத்தின் சதுரத் துண்டு) ஏற்ற வேண்டும். 6 ஆக்கினால் 13க்கு 13, வெறும் 169. திக்கலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

சிமுலேஷன் டிஸ்டன்ஸ் (ஆளைச் சுற்றி எத்தனை சங்க் தூரம் வரை உயிரினங்களும் பயிர்களும் இயங்கும் என்பது): 5 வையுங்கள்.

ஒயிட்லிஸ்ட் (பட்டியலில் உள்ள பெயர்கள் மட்டும் நுழைய விடுவது): ட்ரூ. இதைத் தள்ளிப்போட வேண்டாம். இணையம் முழுக்க, மைன்கிராஃப்ட் சர்வரின் வாசல் எண்ணான 25565 போர்ட்டைத் தேடி அலையும் தானியங்கிகள் இருக்கின்றன. முகவரியை யாருக்கும் சொல்லாவிட்டாலும் அவை கண்டுபிடிக்கும். கான்சோலில் (சர்வர் ஓடும் கறுப்புத் திரை) ஒயிட்லிஸ்ட் ஆட் என்று போட்டு ஒவ்வொரு நண்பரின் விளையாட்டுப் பெயரையும் சேருங்கள்.

ஆன்லைன் மோட் (வருபவர் உண்மையான கணக்குக்காரரா என்று சோதிப்பது): ட்ரூவாகவே இருக்கட்டும். கணக்கு வாங்காத நண்பருக்காக இதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். ஆக்கினால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து அட்மின் அதிகாரத்தோடு உலகத்தையே அழிக்கலாம், ஒயிட்லிஸ்டும் காப்பாற்றாது. இன்னொரு இழப்பும் உண்டு. ஆட்களின் அடையாள எண் மாறிவிடுவதால் அதுவரை எல்லோரும் சேர்த்து வைத்திருந்த பொருட்கள் காணாமல் போகும்.

பழைய பதிப்புதான் பிடிக்கும் என்பவர்களுக்கு ஒன்று. 2021 டிசம்பரில் வெளியான, லாக்4ஜே என்ற ஜாவா துணை மென்பொருளின் ஓட்டை வழியாக, சாட்டில் ஒரு வரி எழுதியே சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரைப் பிடிக்க முடிந்தது. 1.18.1இல்தான் அடைத்தார்கள். அதற்கு முந்தைய பதிப்பை, திருத்தம் போடாமல், வெளியில் திறந்து வைக்காதீர்கள்.

6. ரூட்டரில் வழி திறப்பது

முதலில் சர்வர் கம்ப்யூட்டரின் உள் முகவரி மாறாதபடி செய்ய வேண்டும். ரூட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் அல்லது ஸ்டேடிக் லீஸ் என்ற பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்து 192.168.1.50 என்பது போல ஓர் எண் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இன்று வேலை செய்யும். ஒரு கரண்ட் கட் ஆகி ரூட்டர் அணைந்து எழுந்தபின் நாளை வேலை செய்யாது.

பிறகு போர்ட் ஃபார்வர்டிங், சில ரூட்டர்களில் விர்ச்சுவல் சர்வர் என்று இருக்கும். வெளிப் போர்ட் 25565, உள் போர்ட் 25565, வகை டிசிபி, உள் முகவரி நீங்கள் மேலே கொடுத்தது. டிஎம்இசட் என்ற பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். அது உங்கள் கம்ப்யூட்டரின் எல்லாக் கதவுகளையும் தெருவுக்குத் திறந்துவிடும். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் ஃபயர்வால் முதல்முறை கேட்கும்போது ஜாவாவை அனுமதிக்க வேண்டும். அவசரத்தில் கேன்சல் அழுத்தியிருந்தால் அது ஜாவாவைத் தடுக்கும் விதியாகவே பதிந்திருக்கும். இன்பவுண்ட் ரூல்ஸில் தேடி அந்த விதியை நீக்கி, 25565 டிசிபிக்கு ஒரு அனுமதி விதி போடுங்கள்.

முகவரி அடிக்கடி மாறும் பப்ளிக் ஐபி என்றால் எண் மாறினாலும் உங்களைக் காட்டும் ஒரு பெயரை டக்டிஎன்எஸ் சேவையில் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். நோஐபியின் இலவசப் பெயரும் சரி, ஆனால் அதை 30 நாளுக்கு ஒருமுறை உறுதி செய்ய வேண்டும்.

7. சோதனை

உங்கள் வீட்டு வைஃபையிலிருந்தே உங்கள் வெளி முகவரியைப் போட்டுப் பார்க்காதீர்கள். பல ரூட்டர்கள் அதைத் திருப்பி விடாது, சர்வர் சரியாக இருந்தும் கெட்டது போலத் தெரியும். நீங்கள் 192.168 முகவரியில் நுழையுங்கள். வெளி முகவரியைச் சோதிக்க ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள், அல்லது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு லேப்டாப்பை இணையுங்கள்.

வராவிட்டால் அவர் திரையில் என்ன வருகிறது என்று எழுத்துப் பிசகாமல் கேளுங்கள். “வரல மச்சான்” என்பது போதாது. “டைம்ட் அவுட்” என்றால் பாக்கெட் வழியிலேயே தொலைகிறது: சிஜிநாட், ஃபார்வர்டிங், ஃபயர்வால் மூன்றில் ஒன்று. “கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்” என்றால் ஏதோ ஒரு கருவி வரை போய்விட்டது, ஆனால் அங்கே சர்வர் ஓடவில்லை அல்லது போர்ட் எண் தப்பு. “அவுட்டேட்டட்” என்றால் இரு பக்கமும் பதிப்பு வேறு. “ஒயிட்லிஸ்டில் இல்லை” என்று வந்தால் மகிழ்ச்சி, நெட்வொர்க் வேலை முழுக்க முடிந்தது.

8. போனில் விளையாடுபவர்கள்

போனில் இருப்பது பெட்ராக் பதிப்பு, அது நேரடியாக ஜாவா சர்வரில் சேராது. கீசர், ஃப்ளட்கேட் என்ற இரண்டு பிளகின்களை (சர்வரில் சேர்க்கும் துணை நிரல்கள்) பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டால் சேரும். இதற்குத் தனிப் போர்ட்: 19132, வகை யுடிபி. டிசிபி என்று போட்டுவிட்டுத் தவிப்பவர்களே அதிகம்.

9. வெயில், கரண்ட், இடி

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மத்தியானம் சர்வர் ஓட்டினால் ப்ராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சர்வர் விநாடிக்கு 20 டிக் ஓட வேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லி விநாடி. அது தவறும்போது கான்சோலில் “கான்ட் கீப் அப்” என்று வரி விழும். ஜனவரியில் வராத வரி மே மாதத்தில் வந்தால் ராம் வாங்க ஓடாதீர்கள். பெட்டியைத் திறந்து தூசியை ஊதுங்கள், கீழ்த்தள அறைக்கு மாற்றுங்கள், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் விடுங்கள்.

செலவுக் கணக்கு எளிது. 60 வாட் எடுக்கும் பெட்டி 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாத ரீடிங்கில் சுமார் 86 யூனிட். மாலை 5 மணி நேரம் மட்டும் என்றால் 18. நம் ஊர் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால் கடைசி பில்லை எடுத்து, இந்த 86 சேர்ந்தால் எந்தப் படிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் ஏசி ஓடும் மாதங்களில் வித்தியாசம் பெரிதாகவே தெரியும்.

உலகம் எழுதப்படும் நேரத்தில் கரண்ட் போனால் சங்க் கெட்டுப்போகும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று, சுமார் 3,000 ரூபாய், சர்வரை ஒழுங்காக நிறுத்த அவகாசம் தரும். காலை 9 மணிக்குப் போய் மத்தியானம் வரும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு அது தாங்காது, அன்று முன்பே நிறுத்திவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரை மாட்டியிருந்தால் அதன் பின்பக்க ஸ்விட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மோடில் இருந்தால் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து எழும். ஓஎன்டிக்கும் ரூட்டருக்கும் பேக்கப் இல்லாமல் கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. அவற்றின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் போதும், ஆம்பியர் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பயாஸில் “கரண்ட் திரும்பியதும் தானாக எழு” என்ற பொருளில் ஒரு செட்டிங் இருக்கும், போட்டுவிடுங்கள். விண்டோஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள், அப்டேட்டின் ஆக்டிவ் ஹவர்ஸில் உங்கள் ஆட்ட நேரம் அடங்க வேண்டும்.

கண்ணாடி ஃபைபர் வழியாக இடி வராது. கம்பத்திலிருந்து செம்புக் கேபிளில் வரும் லைன் என்றால் வரும், லேன் போர்ட்டோடு மதர்போர்டையும் எரிக்கும். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடிச் சத்தம் கேட்டதும் கேபிளைக் கழற்றுங்கள்.

10. பேக்கப்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் வேர்ல்ட் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் பாதி பழையது பாதி புதியதாக வரும். கான்சோலில் சேவ் ஆஃப், பிறகு சேவ் ஆல் ஃப்ளஷ், காப்பி முடிந்ததும் சேவ் ஆன். கடைசிக் கட்டளையை மறந்தால் அன்று கட்டியது எதுவும் தானாகச் சேமிக்கப்படாது. சர்வரை நிறுத்திவிட்டு எடுப்பது இன்னும் பாதுகாப்பு. பேப்பரில் நெதர், எண்டு என்ற மற்ற இரண்டு உலகங்களும் தனி ஃபோல்டர்களில் இருந்தால் அவற்றையும் சேருங்கள், ஓவர்வேர்ல்டை (முதன்மை உலகம்) மட்டும் எடுத்து வைத்து ஏமாறுபவர்கள் உண்டு.

ஒரு பென்டிரைவ், ஒரு ஆன்லைன் சேமிப்பிடம், தேதி போட்ட ஜிப் ஐந்து. வாரம் ஒருமுறை போதும், பெரிய கட்டடம் கட்டிய இரவில் கூடுதலாக ஒன்று. மாதம் ஒருமுறை கடைசி ஜிப்பை வேறொரு ஃபோல்டரில் விரித்து, செட்டிங்கில் போர்ட்டை 25566 ஆக்கி, அதில் சர்வரை எழுப்பி உள்ளே போய் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். பெட்டியில் வைத்த பொருட்கள் இருந்தால் அந்த ஜிப்பை நம்பலாம்.